நான்காவது இலக்கம்: ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய ரயில் நெகட்டிவ்கள்

சென்ற அக்டோபரில், லீட்ஸ் நகரில் எங்கள் தெருவிலேயே வசிக்கும் ஒரு மூதாட்டி, காலமான தம் கணவருடைய அறையை ஒழித்தபோது கிடைத்த ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்து, “இவையெல்லாம் ரயில்கள், ரயில் பைத்தியம் நீங்கள்தான், எடுத்துச் செல்லுங்கள்” என்றார். பெட்டிக்குள் 18 காகித உறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும், 120 ஃபிலிமில் எடுத்துத் தனித்தனியாக வெட்டிய, 6 செ.மீ.க்கு 9 செ.மீ. அளவுள்ள கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் எட்டெட்டு இருக்க வேண்டும். 144 இருக்க வேண்டிய இடத்தில் 143 இருந்தன. உறைகளின் மேல் பென்சிலால் ‘1/250, எஃப் 8’ என்பது போன்ற குறிப்புகள் மட்டுமே காணப்பட்டன. எந்த வேகத்தில் எடுத்தோம் என்பதை இவ்வளவு கவனமாக எழுதிவைத்த மனிதர் எந்த ஊரில், எந்த ஆண்டில் எடுத்தோம் என்பதை ஓரிடத்திலும் எழுதவில்லை. அவருக்கு அது மறக்கவே முடியாத செய்தியாக இருந்திருக்கும்.

அந்த நெகட்டிவ்களைச் சுத்தம் செய்து, படியெடுத்து, இடமும் காலமும் கண்டறிய முயன்ற ஐந்து மாத வேலையின் பதிவு இது. பெரும்பாலானவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். ஒரே ஒரு நெகட்டிவ் மட்டும் மூன்று வாரங்களை விழுங்கியது.

முதல் வேலை, முகர்ந்து பார்ப்பது. அசிட்டேட் ஃபிலிம் பழுதாகத் தொடங்கினால் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துவதோடு, பக்கத்திலுள்ள நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். இரண்டு உறைகளைத் திறந்ததுமே ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போன்ற வினிகர் நெடி வந்தது. அவற்றிலிருந்த 16 நெகட்டிவ்களும் ஓரங்களில் லேசாக அலை அலையாக நெளியத் தொடங்கியிருந்தன. அவற்றை உடனே வேறு அறைக்கு மாற்றிவிட்டு, மற்றவற்றை அமிலமற்ற காகித உறைகளில் ஒவ்வொன்றாக இட்டேன். பழைய பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் வீட்டில் நிறைய இருந்தாலும் அவற்றைத் தொடவில்லை. நாளடைவில் அவையும் ஃபிலிமில் ஒட்டிக்கொண்டு கெடுதலே செய்யும்.

சுத்தம் செய்ததில் நான் செய்த பிழையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல நெகட்டிவ்களின் மீது பூஞ்சை, பனி படிந்த கண்ணாடியில் தெரியும் கிளைக்கோலம் போலப் படர்ந்திருந்தது. கறுப்பு வெள்ளை நெகட்டிவைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து மறுபடி உலர்த்தலாம் என்று எப்போதோ படித்த நினைவில், ஒன்றை எடுத்து நீரில் இட்டேன். இரண்டு நிமிடத்திற்குள், பூஞ்சை இருந்த இடத்தில் எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம், பாலாடை போலக் கழன்று மிதந்தது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையக்கூடியதாக மாறிவிடுகிறது என்ற அடிப்படைச் செய்தியை அதற்குப் பிறகே தேடிப் படித்தேன். அந்த நெகட்டிவில் இருந்தது ஒரு சரக்கு ரயிலும் பாதிப் பாலமும். இப்போது பாதிப் பாலம் மட்டுமே இருக்கிறது. அதன்பின் எல்லாவற்றுக்கும் தூசி ஊதும் ரப்பர்ப் பந்து, மென்மயிர்த் தூரிகை, மிகத் தேவையான இடத்தில் மட்டும் பஞ்சில் தொட்ட தூய ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

படியெடுப்பதற்கு முதலில் என்னிடமிருந்த தட்டை ஸ்கேனரைப் பயன்படுத்தினேன். தூசியைத் தானாகவே நீக்கும் வசதி அதில் இருந்ததால் அதை இயக்கிவைத்தேன். வந்த படத்தில் என்ஜினின் பாதி விவரங்கள் மெழுகு உருகியது போலக் குழைந்து போயிருந்தன. அந்த வசதி அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அது தடைபடும் இடங்களையெல்லாம் தூசி என்று கொள்கிறது. வண்ண ஃபிலிமின் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிமிலுள்ள வெள்ளித் துகள்களோ தடுத்துவிடும். ஆகவே படம் முழுவதையுமே தூசி என்று எண்ணி அது அழிக்க முயல்கிறது.

இறுதியில் கேமராவையே ஸ்கேனராக்கினேன். நெகட்டிவிலிருந்து படங்களைப் பெரிதாக்கி அச்சிடும் பழைய என்லார்ஜர் கருவியின் தூணில் 24 மெகாபிக்சல் கேமராவையும் மேக்ரோ லென்ஸையும் கீழ்நோக்கிப் பொருத்தி, அடியில் எல்.இ.டி. ஒளிப்பலகையை வைத்து, நெகட்டிவைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் சட்டம் இட்டேன். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஓரங்களில் கசியும் ஒளி லென்ஸுக்குள் புகுந்து நிழற்பகுதிகளை வெளிறச் செய்துவிடுகிறது. கேமரா சாயாமல் நேராக இருக்கிறதா என்பதைக் கண்ணாடி ஒன்றை ஒளிப்பலகையின் மேல் வைத்துப் பார்த்தேன்: லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் தளங்கள் இணையாக இருக்கின்றன என்று பொருள். நெகட்டிவ் முழுவதையும் ஒரே படமாக எடுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 1800 புள்ளிகள் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு அது போதும். நுட்பம் தேவைப்பட்டவற்றைக் கேமராவை இறக்கி, நெகட்டிவில் உள்ள அதே அளவில் கேமராவின் சென்சாரில் விழும்படி ஒன்பது துண்டுகளாக எடுத்து ஒட்டினேன். அப்போது அங்குலத்துக்கு 4200 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும்.

திரையில் முதல் படம் நேர்நிறமாக மாறிய நொடியின் மகிழ்ச்சியை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆயினும் மகிழ்ச்சி தணிந்ததும் எழும் கேள்வி, இது எங்கே, எப்போது என்பதுதான். நல்வாய்ப்பாக, பிரிட்டிஷ் ரயில் படங்களில் விடை பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும். 1923இல் பல சிறு கம்பெனிகள் நான்கு பெரிய கம்பெனிகளாக இணைக்கப்பட்டன. 1948 ஜனவரி 1 அன்று அந்த நான்கும் நாட்டுடைமையாக்கப்பட்டு ‘பிரிட்டிஷ் ரயில்வேஸ்’ ஆயின. அப்போது அந்த நான்கில் எல்.எம்.எஸ். கம்பெனி என்ஜின்களின் எண்ணோடு 40000, எல்.என்.இ.ஆர். எண்ணோடு 60000, சதர்ன் எண்ணோடு 30000 எனப் பொதுவாகக் கூட்டிக்கொண்டார்கள். கிரேட் வெஸ்டர்ன் என்ஜின்கள் மட்டும் தங்கள் வார்ப்பு எண் பலகைகளோடு பழைய எண்களையே வைத்துக்கொண்டன. எனவே எண் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. எண் தெரியாவிட்டால் கைகாட்டியைப் பார்க்கலாம்: வழி விடும்போது கை கீழே சாய்ந்தால் அது பெரும்பாலும் கிரேட் வெஸ்டர்ன் பகுதி, மேலே உயர்ந்தால் பிற பகுதிகளுள் ஒன்று. இந்த இரண்டு வழிகளிலேயே 90க்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் பிரிந்து அடுக்கில் அமர்ந்துவிட்டன.

இந்த வேலையில் எனக்குத் துணையாக அமைந்தவர், யார்க்‌ஷயரின் பல சிக்னல் கேபின்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர். வியாழக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் தேநீரோடு படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவேன். அவர் என்ஜினைப் பார்ப்பதே இல்லை. “என்ஜின் எங்கு வேண்டுமானாலும் போகும். வேலி போகாது” என்பார். ஒரு படத்தில் நடைமேடைக்குப் பின்னால், மரச்சட்டங்கள் செங்குத்தாக இல்லாமல் ஒரே பக்கமாகச் சாய்த்து அடிக்கப்பட்டிருந்த வேலியைத் தொட்டுக் காட்டி, “மிட்லண்ட் ரயில்வே” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்கத் தொடங்கினார். அந்தக் கம்பெனி 1923இலேயே மறைந்துவிட்டது; சாய்ந்த வேலிகள் மட்டும் அதன் கையெழுத்துப் போலப் பல பத்தாண்டுகள் நின்றிருக்கின்றன.

அந்தப் படம்தான் மூன்று வாரங்களை விழுங்கிய படம். ஒரு விரைவு ரயில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக வருகிறது. என்ஜின் முகப்பில் மோதலைத் தாங்கும் பஃபர்களுக்கு மேலே பக்கத்துக்கொன்றாக இரண்டு விளக்குகள் இருப்பதால் அது விரைவு ரயில் என்பது உறுதி. என்ஜினின் வலப்பக்கத்தில் பிற்பகல் வெயில் விழுகிறது. புகைபோக்கிக்கு மேல் நீராவி அதிகம் தெரியாததால் நல்ல வெப்பமான நாளாக இருந்திருக்க வேண்டும். என்ஜின் முகப்பிலுள்ள புகைப்பெட்டிக் கதவின் மேலுள்ள எண் பலகையில் 4, 5, 5 என்ற மூன்று இலக்கங்களும் இறுதி 5உம் தெளிவாக இருக்கின்றன. நான்காவது இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில், அதைத் தேடிப் பிடித்துத் தின்றது போல, ஒரு பூஞ்சைப் புள்ளி. ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் எழுதிய எண் கரிப்படலத்தில் மூழ்கிவிட்டது.

455, பிறகு ஏதோ ஒன்று, பிறகு 5. புகைபோக்கி ஒற்றையாகவும், கொதிகலன் முன்பக்கம் குறுகியும் இருந்ததால், 45551 வரை எண்ணுள்ள பேட்ரியட் வகை என்ஜின்களை விலக்கிவிடலாம். அவற்றில் புதுப்பிக்கப்படாதவற்றின் கொதிகலன் நேர் உருளை, புதுப்பிக்கப்பட்ட 18இன் புகைபோக்கி இரட்டை. எஞ்சுவது 45552 தொடங்கி 45742 வரை எண்ணிட்ட, வில்லியம் ஸ்டேனியர் வடிவமைத்த ‘ஜூபிலி’ வகை. ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவை ஒட்டி 1935இல் பெயர் பெற்ற இந்த வகையின் 191 என்ஜின்களில் பலவற்றுக்குப் பேரரசின் நாடுகளும் மாகாணங்களும் பெயராயின. மைசூர் உண்டு, திருவிதாங்கூர் உண்டு, 45604 என்ற எண்ணில் சிலோனும் உண்டு. எனக்கு முன்னால் இருந்த சாத்தியங்கள் ஐந்து: 45555 கியூபெக், 45565 விக்டோரியா, 45575 மெட்ராஸ், 45585 ஹைதராபாத், 45595 சதர்ன் ரொடீஷியா.

மெட்ராஸ்! சென்னையில் பிறந்தவன் லீட்ஸில் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் மெட்ராஸைக் கண்டெடுத்தான் என்றால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று மனம் அன்றிரவே கதை கட்டிவிட்டது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: கணினிக் கோப்புக்கு 45575 என்று பெயரும் இட்டுவிட்டேன். பூஞ்சையின் ஓரத்தில் தெரிந்த ஒரு சாய்கோட்டை ஏழின் கால் என்று நானே எனக்கு நிரூபித்தும் காட்டிக்கொண்டேன். முதியவரிடம் காட்டியபோது, அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றி நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஏழு வேண்டும் என்பதால் அது ஏழு ஆகிவிடாது” என்றார். முகத்தில் நீர் தெளித்தது போல இருந்தது.

இதற்கிடையில் வேறொரு சந்தேகமும் எழுந்தது. என்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமக்கும் டெண்டர் வண்டியின் மேலுள்ள சின்னத்தில் சிங்கம் வலப்பக்கம் நோக்கியிருந்தது. 1956இல் வந்த இந்த பிரிட்டிஷ் ரயில்வேஸ் சின்னத்தில், சக்கரத்தைக் கையில் பிடித்த சிங்கம் இடப்பக்கம் நோக்கியிருப்பதையே நான் எங்கும் பார்த்திருந்தேன். அப்படியானால் நெகட்டிவைத் தலைகீழாக, அதாவது எமல்ஷன் பக்கம் மாறிப் படியெடுத்துவிட்டேனோ? ஆனால் 5 என்ற இலக்கங்கள் நேராகத்தான் இருந்தன; எண்ணே தெரியாவிட்டாலும், பிரிட்டனில் ரயில்கள் இரட்டைப் பாதையில் இடப்பக்கமாகவே செல்லும் என்பதால் புரட்டப்பட்ட படத்தைக் கண்டுகொள்ள முடியும். இந்த ரயிலும் தன் இடப்பக்கப் பாதையில்தான் இருந்தது. படித்துப் பார்த்தபோது உண்மை புரிந்தது: தொடக்கத்தில் என்ஜினின் இரு பக்கங்களிலும் சிங்கம் முன்னோக்கிச் செல்வதுபோல் இருக்கட்டும் என்று வலப்பக்கத்துக்கு வலம் நோக்கிய சிங்கத்தை ஒட்டியிருக்கிறார்கள். மரபுச் சின்னங்களுக்குப் பொறுப்பான காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் அனுமதி அளித்ததோ இடம் நோக்கிய சிங்கத்துக்கு மட்டும். ஆட்சேபம் எழுந்ததும் பிறகு எல்லாச் சிங்கங்களையும் இடப்பக்கம் திருப்பிவிட்டார்கள். நான் பிழை என்று நினைத்தது ஆண்டைக் காட்டும் சான்றாக மாறியது.

இன்னொரு சான்று புகைப்பெட்டிக் கதவின் அடியிலுள்ள சிறு முட்டை வடிவப் பலகை. என்ஜின் எந்த லோகோ ஷெட்டைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் இந்தப் பலகையில் 55ஏ என்று படிக்க முடிந்தது. அது லீட்ஸ் ஹோல்பெக். 1957 வரை அதே ஷெட்டின் குறியீடு 20ஏ. மேல்நிலை மின்கம்பி குறித்து எச்சரிக்கும் மின்னல் வடிவச் சின்னங்கள் 1960 வாக்கில் நீராவி என்ஜின்களில் ஒட்டப்படத் தொடங்கின. இதில் அவை இல்லை. ஆகவே 1957க்கும் 1960க்கும் இடைப்பட்ட ஒரு கோடை என்ற அளவில் காலம் சுருங்கியது.

எண்ணுக்கு வருவோம். எஞ்சியிருந்த வழி, நடுச் சக்கரத்தின் கவசத்துக்கு மேல் வளைந்து அமர்ந்திருக்கும் பெயர்ப்பலகை. நெகட்டிவில் அதன் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒன்பது துண்டுகளாக எடுத்த படத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கினால் எழுத்துகள் ஃபிலிமின் மணல்துகள்களுக்குள் கரைந்துபோயின. ஆனால் அளவை எடுக்க முடியும். ஜூபிலியின் இயக்கச் சக்கரம் 6 அடி 9 அங்குல விட்டம் கொண்டது. பெயர்ப்பலகையும் சக்கரமும் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருப்பதால், சாய்வாக எடுத்த படத்திலும் இரண்டும் ஒரே விகிதத்தில் குறுகும். பலகையின் அகலம் சக்கரத்தின் அகலத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. கவசத்தின் இருபுறமும் வெற்றிடம் தாராளமாகத் தெரிந்தது. ஆங்கிலத்தில் 16 எழுத்துகள் கொண்ட சதர்ன் ரொடீஷியா அதற்குள் அடங்காது. நான்கு பெயர்கள் மிஞ்சின. மெட்ராஸ் இன்னமும் களத்தில் இருந்தது.

ஒளியைக் குறைத்தும் கூட்டியும் அதே இடத்தை எட்டு முறை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தேன். கேமராவின் இரைச்சல் குறையுமே தவிர ஃபிலிமின் துகள் குறையாது என்பது தெரிந்திருந்தாலும், பலகையின் வலக் கோடியில் கடைசி எழுத்தின் உருவம் மெல்லத் திரண்டது: அடி விரிந்து, உச்சி கூம்பிய ஒரு முக்கோணம். அதற்கு முன்னால் மெல்லிய ஒற்றைக் கோடு. மெட்ராஸின் ‘எஸ்’ அல்ல. கியூபெக்கின் ‘சி’ அல்ல. ஹைதராபாத்தின் ‘டி’ அல்ல. ‘ஐ’, ‘ஏ’ என்று முடிவது விக்டோரியா மட்டுமே. அந்த ஆண்டுகளின் ஷெட் பட்டியல்களிலும் 45565 ஹோல்பெக்கில்தான் இருக்கிறது. சாய்ந்த ஏழு என்று நான் கண்டது, ஆறின் மேல்வளைவில் எஞ்சிய துணுக்காக இருக்கலாம்; அதைக்கூட இப்போது உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்பின் பெயரை மாற்றினேன்.

இடம் மட்டும் பாக்கியிருந்தது. லீட்ஸ் ஷெட்டின் விரைவு ரயில் என்ஜின், மிட்லண்ட் வேலி, பின்னால் மரமே இல்லாத மலைச்சரிவு என்று சேர்த்துப் பார்த்தால் வட இங்கிலாந்து மலைகளின் வழியே செல்லும் செட்டில்–கார்லைல் பாதை என்பது தோன்றத்தான் செய்யும். சரிவில் வரிவரியாகத் தெரிந்த கரிய கோடுகளை நான் கற்சுவர்கள் என்றே எண்ணியிருந்தேன். முதியவர்தான், “கற்சுவருக்கு இடைவெளி இருக்குமா?” என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தால் அவை பழைய ஸ்லீப்பர் கட்டைகளைச் செங்குத்தாக நட்டு அமைத்த பனித் தடுப்பு வேலிகள். டென்ட் நிலையத்துக்கு மேலே அப்படிப்பட்ட வேலிகள் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 1150 அடி உயரத்தில், இங்கிலாந்தின் முதன்மைப் பாதைகளிலேயே மிக உயரமான நிலையம் அது. பெயர் தந்த ஊரிலிருந்து நான்கு மைல் தள்ளி, பனிக்காற்றுக்கு நேர் எதிரே நிற்கிறது. 1970இல் மூடப்பட்டு 1986இல் மறுபடி திறக்கப்பட்டதால், லீட்ஸிலிருந்து நேராக ரயிலேறிப் போய்ப் பார்க்க முடிந்தது.

மார்ச் மாதத்தின் ஒரு சனிக்கிழமை, படத்தின் அச்சுப்படி ஒன்றை அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். மேற்கு நடைமேடையில் முன்னும் பின்னுமாக நடந்து, மலைமுகட்டின் ஒரு பள்ளம் வேலியின் மேல்வரிசை முனையோடு ஒரே கோட்டில் வரும் இடத்தைத் தேடினேன். பழைய கட்டைகள் பல சாய்ந்தும் விழுந்தும் கிடந்தாலும், வரிசைகளின் போக்கு மாறவில்லை. நடைமேடையின் வட கோடிக்கு அருகே படமும் மலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. அங்கு நின்று கிழக்கே பார்த்தால் வலப்பக்கம் தெற்கு. ஆகவே அந்த ரயில் கார்லைலிலிருந்து லீட்ஸ் நோக்கி வந்துகொண்டிருந்தது, அதனால்தான் தொலைவிலுள்ள கிழக்குப் பாதையில் இருக்கிறது. வெயிலும் மேற்கிலிருந்துதான் விழ வேண்டும். எல்லாம் பொருந்தியது. காற்றுதான் அச்சுப்படியை இருமுறை பிடுங்கப் பார்த்தது.

உரிமை பற்றி ஒரு சொல். நெகட்டிவ் கையில் இருப்பதாலேயே படத்தின் பதிப்புரிமை கைக்கு வந்துவிடாது. பிரிட்டனில் அது எடுத்தவரின் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளுக்கு உரியது. எனவே மூதாட்டியிடம், எந்தெந்தப் படங்களை யாருக்கெல்லாம் காட்டலாம் என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டேன். அவருக்கு அச்சிட்டுக் கொடுத்த பன்னிரண்டு படங்களில் டென்ட் படத்தை விட, ஏதோ ஒரு நிலையத்தில் சுமைதூக்கும் வண்டியின் மேல் பூனை உறங்கும் படம்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது. எந்த நிலையம் என்பது இன்னும் தெரியவில்லை. வேலி கண்ணில் படவில்லை.

உறைகளின் மேல் எழுதும்போது, படத்தில் கண்ணால் காண்பதையும் நானாக ஊகிப்பதையும் வெவ்வேறு வரிகளில் எழுதுவது என்று முடிவுசெய்தேன். டென்ட் உறையில் இப்போது பென்சிலால் இப்படி இருக்கிறது:

‘காண்பது: ஜூபிலி வகை, எண் 455_5, நான்காம் இலக்கம் பூஞ்சையால் அழிவு. ஷெட் 55ஏ. சிங்கம் வலம் நோக்கியது. ஊகம்: 45565 விக்டோரியா, பெயர்ப்பலகையின் இறுதி எழுத்துகளாலும் நீளத்தாலும். இடம்: டென்ட், நேரில் சென்று ஒப்பிட்டது. காலம்: 1957–1960, கோடைப் பிற்பகல். 1/250, எஃப் 8.’

கடைசி வரி மட்டும் அவருடைய கையெழுத்திலிருந்து படியெடுத்தது. வினிகர் நெடியடிக்கும் 16 நெகட்டிவ்கள் அடுத்த அறையில் காத்திருக்கின்றன; அவை மேலும் சுருங்குவதற்குள், வரும் வாரமே அவற்றைத் தொடங்க வேண்டும்.